வாய் மூடியிருந்த மழைக்காலம்

எனக்கு வாய் பெரிது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்திலிருந்து விடியற்காலையில் ஒரு சத்தம் கொடுத்தேன் என்றால், தெருக்கோடி டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் எங்கள் டிரைவர் மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு ஓடி வருவார். மாமனாருக்கு மூட்டுவலி வந்து, மலைத் தோட்டத்தை இனி யார் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தபோது, என் வீட்டுக்காரர் தன் உரக்கடையை விட்டு அசைய மாட்டேன் என்றுவிட்டார். "நான் பாக்குறேன்" என்றேன். எங்கள் ஊர் சிலமலையில் சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. பொம்பளை மலையேறி ஏலத் தோட்டம் பார்ப்பதாவது என்றார்கள். அப்படிச் சிரித்தவர்கள் இப்போது தங்கள் செடிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நானும் கொஞ்சம் காக்கவைத்துத்தான் சொல்கிறேன்.

தோட்டம் போடிமெட்டு தாண்டிச் சரிவில் இருக்கிறது. ஏலச்செடியைப் பார்க்காதவர்கள் அது ஏதோ கத்தரிச்செடி உயரத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆளை விட உயரமாகத் தோகை விரித்து நிற்கும். காய் மட்டும் அடித்தூரில், மண்ணை ஒட்டிப் படருகிற சரத்தில் இருக்கும். காய் எடுக்கிற பெண்கள் தூருக்குத் தூர் குத்தவைத்து நகர்ந்துகொண்டே போவார்கள். நாலு செடி தள்ளி இருப்பவளைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. காட்டுமாடு வரும், எப்போதாவது யானையும் வரும். அதனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய் உலர்த்துகிற கட்டிடத்தை ஸ்டோர் என்போம். அதன் முன்னால் உள்ள பாறைத் திட்டில் சாயங்காலம் ஏறி நின்று நான் "ஓ..." என்று குரல் கொடுப்பேன். மேல் சரிவில் இருப்பவள் முதலில் பதில் குரல் கொடுப்பாள். அப்புறம் அவளுக்குக் கீழே இருப்பவள், அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் ஓடைப் பக்கம் இருப்பவள். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் ஜீப்பு கிளம்பும். ஒன்று குறைந்தால் இன்னொரு தடவை கூப்பிடுவேன். அப்போதும் வராவிட்டால் தொண்டை கிழியக் கூப்பிடுவேன். பக்கத்து எஸ்டேட்டின் மலையாளி கங்காணி, "சேச்சி கூவினா எங்க ஆளுகளும் சோலியை விட்டுட்டுக் கிளம்பிருது" என்று குறைப்பட்டுக்கொள்வார். எனக்கு விருது வாங்கின மாதிரி இருக்கும்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்று நினைத்தேன். மிளகும் சித்தரத்தையும் தட்டிப்போட்டுக் கஷாயம் குடித்தேன். ஆடி பிறந்து காய் எடுப்பு மும்முரமானபோது, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. என் வீட்டுக்காரர் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார். தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், குரல் எழும்புகிற இடத்தில் சதை முடிச்சு விழுந்திருக்கிறது என்றார்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா? ரொம்பக் கத்துவீங்களோ?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கத்தாத நேரம் எதுன்னு கேளுங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வெட்டி எடுத்துரலாம். ஆனா பாதி வைத்தியம் உங்க கையிலதான் இருக்கு. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். புண்ணு ஆறுறதுக்குள்ள ஒரு தடவை கத்திட்டீங்கன்னா, அப்புறம் குரலை மறந்துர வேண்டியதுதான்."

ஒழுங்காக இருந்தால் பழைய குரல் வந்துவிடுமா என்று காற்றுக் குரலில் கேட்டேன். வரலாம் என்றார். அந்த "லாம்" என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

பயந்துபோனேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பயம்தான். அந்தச் சரிவில் எனக்கு என்ன இருந்தது? படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டது. மண்வெட்டி பிடித்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் ஆம்பளைகள் நடுவில் நின்று தோட்டம் நடத்தினேன். குரல் போனால், "அதான் அப்பவே சொன்னோமே" என்று சொல்ல ஊரில் ஆள் வரிசையில் நின்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "வீட்ல கரண்டு போன மாதிரி இருக்கு ஆத்தா" என்றார். சோறு வேண்டும் என்றால் தட்டைத் தட்டுவேன், கோபம் வந்தால் டம்ளரை நங்கென்று வைப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சேர்த்துவைத்திருந்த பதில்களை எல்லாம் அந்த ஆடியில் ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்வது. ஆனால் ராத்திரிக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

சாமியிடமும் பேரம் பேசினேன். ஊருக்கு மேற்கே மலைமேல் உள்ள சிவன் கோயிலில் நின்று, "குரலைத் திருப்பிக் குடு, உனக்கு வெண்கலத்துல மணி வாங்கிக் கட்டுறேன்" என்று மனசுக்குள் சொன்னேன். அடுத்த வாரம் மணியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அதற்கடுத்த வாரம் மணியோடு ஒரு சங்கிலியும் சேர்த்துக்கொண்டேன். சிவன் அசையவில்லை. நம்மிடம் காய் வாங்க வரும் வியாபாரிகளைப் போல அவரும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

மனசு அடங்கினால்தான் வாய் அடங்கும் என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் தியான வகுப்பில் சேர்த்துவிட்டார். ஜவுளிக்கடை மாடியில் ஒரு ஹால். வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர், "எண்ணங்கள் வரும், போகும். சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்" என்று தாலாட்டுகிற மாதிரிச் சொல்வார். எனக்கு எண்ணங்கள் வந்தன, ஒன்றுகூடப் போகவில்லை. ஜீப்பின் பின் டயர் வந்தது. ஸ்டோரில் விறகு ஈரமாக இருப்பது வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலசரக்குக் கடைக்காரர் விட்ட குறட்டையும் வந்தது. அவரை உலுக்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. கேட்க முடியவில்லை.

வகுப்பு முடிகிற நாளில் ஜிப்பாக்காரர் என்னைக் கைகாட்டி எல்லாரிடமும் சொன்னார். "இந்த அம்மாவைப் பாருங்க. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசலை. எம்புட்டுப் பக்குவம்."

ஹாலில் பாதிப் பேர் என் ஊர்க்காரர்கள். சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் மறுக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

பேசத்தானே கூடாது, மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே என்று மறுநாளே ஜீப்பில் ஏறிவிட்டேன். அடிவாரத்தில் முந்தல் கிராமம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள். வழக்கமாக நான் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன். அன்று சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் தூங்குகிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் தலையும் கம்பியில் இடிக்காதபடி மெதுவாகத் திருப்புகிறார். இத்தனை வருசத்தில் இதை நான் கவனித்ததே இல்லை.

சாயங்காலம் குரல் கொடுக்கிற வேலையை டிரைவரிடம் விட்டோம். அவர் ஜீப்பின் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்குவார். எனக்கென்றால் வரிசையாகப் பதில் கொடுக்கும் பெண்கள், ஹாரனுக்கு எல்லாரும் ஒன்றாகக் கத்திவிட்டுக் கிளம்பினார்கள். சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். எது யார் குரல் என்று பிரிக்க முடியாது. ஹாரனுக்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது.

மத்தியானச் சோற்று நேரத்தில் அவர்கள் கூடிப் பேசுவார்கள். ஊமையாக நடுவில் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கும். நான் பாறைத் திட்டுக்குப் போய்விடுவேன். போன புதிதில் கண்ணை மூடிக்கொண்டு பழைய பேரத்தையே தொடர்ந்தேன். கொடு, கொடு, கொடு. ஒரு நாள் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் எடுக்க மனசில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. "நீ குடுத்ததுதான். வேணும்னா நீயே வச்சுக்க. எனக்கு எப்படி விதிச்சிருக்கோ அப்படி ஆகட்டும்" என்று சொன்னேன். பக்தியில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், அலுப்பில் சொன்னது. ஆனால் மதுரையிலிருந்து என் வயிற்றில் உட்கார்ந்திருந்த ஒரு இறுக்கம் அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அட்டை குடித்துவிட்டுத் தானாகவே விழுந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்காக ஏங்க ஆரம்பித்தேன். எதையும் கேட்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு மலைக்குக் காது கொடுப்பதோடு சரி. மழை நின்ற பிறகும் இலையிலிருந்து இலைக்குச் சொட்டுகிற சத்தம் மேலிருந்து கீழே இறங்கி வரும். உள்ளே என்னோடு ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த ஒருத்தி மெல்ல வாயை மூடினாள். இதற்குப் பெயர்தான் நிம்மதி என்றால், அதை நான் அந்தப் பாறையில்தான் கண்டேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், தோட்டத்துக்கு மேலே உள்ள பெரிய பாறைமுகத்தில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லையே என்று கண்ணைத் திறந்தேன். எழுந்து நாலு எட்டு நடந்து எட்டிப் பார்த்தால், அதற்கு நேர்மாறாகக் கீழே ஓடையில் எங்கள் பெண்கள் வாளி கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மண்மேடு மறைக்கிறது. ஓடையில் எழுகிற சத்தம் நேராக நமக்கு வராது, பாறைமுகத்தில் மோதித் திரும்பித்தான் வருகிறது. இத்தனை வருசம் அந்தத் திட்டில் நின்று கத்தியவள், குரல் வந்ததா என்று பார்த்தேனே தவிர, எங்கிருந்து வந்தது என்று பார்த்ததில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. டிரைவர் சீக்கிரமே ஹாரன் அடித்தார். வழக்கம் போல எல்லாரும் கத்தினார்கள், வாளியோடு வந்து சேர்ந்தார்கள். ஜீப்பில் ஏறும்போதுதான் ஒருத்தி குறைவது தெரிந்தது. ராசிங்காபுரத்திலிருந்து அந்த வருசம் புதிதாக வந்தவள். பள்ளத்தாக்கில் வயல் வேலை பார்த்தவள், மலை பழக்கமில்லை. காலையில்தான் மேல் எஸ்டேட்டில் காட்டுமாடு புகுந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். டிரைவர் ஹாரனை விடவே இல்லை. யாரோ, "பாறைப் பக்கம் கேக்குது, வெரசா வாங்க" என்று கத்த, கூட்டம் பாறைமுகத்தை நோக்கி மேலே ஏற ஆரம்பித்தது.

என் ஆள் அவள். காலையில் நான் கூட்டி வந்தவள், சாயங்காலம் அவள் வீட்டில் சேர்க்க வேண்டியவள் நான். மூச்சை இழுத்துவிட்டேன். ஒரு கத்துக் கத்தினால் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. போனால் போகட்டும், ஏற்கெனவே கொடுத்துவிட்டதுதானே என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே கத்துவதற்கா ஆள் இல்லை? கேட்பதற்குத்தான் ஒருத்தியும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கிடந்த வாளியைக் கவிழ்த்துக் கல்லால் அடித்தேன், எல்லாரும் திரும்புகிற வரைக்கும் அடித்தேன். அப்புறம் உதட்டில் விரலை வைத்தேன். என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருத்தியாக அடங்கினாள். டிரைவர் கையை ஹாரனிலிருந்து நானே எடுத்துவிட்டேன். பிறகு அந்தத் திட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"இந்த நேரத்துலயும் தியானமாக்கா?" என்று டிரைவர் நொந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

சொட்டு, சொட்டு. காற்று. அப்புறம் ஈனமாக ஒரு குரல், "ஏக்கா..." என்று. பாறைமுகத்திலிருந்துதான் வந்தது. எல்லாரும் மேலே கைகாட்டினார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கீழே, ஓடையைக் காட்டினேன்.

"அங்கிட்டு இல்லக்கா, எங்க காதுல தெளிவா விழுதே, பாறைப் பக்கந்தான்" என்று ஒருத்தி வாதாடினாள். வாதாட எனக்கு வாய் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடையைப் பார்த்து இறங்கினேன். வேறு வழியில்லாமல் எனக்குப் பின்னால் அவர்களும் இறங்கினார்கள்.

ஓடைக்கரை சரிந்து, மண்ணோடு கீழே போயிருந்தாள். கணுக்கால் வீங்கி, இடுப்பு வரைக்கும் நனைந்து, ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டுக் கத்துனேன் தெரியுமாக்கா, நீங்க போட்ட சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கலையே" என்று சொல்லி அழுதாள். மேலே அவர்கள் பாறைக்கு ஏறிப் போயிருந்தால், இருட்டுகிற வரைக்கும் அங்கேயே தேடியிருப்பார்கள். டிரைவர் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மேலேறினார். ஜீப்பில் எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் குரலை நினைத்துப் பட்ட பெருமை எல்லாம் ஒரு பக்கம், அன்றைக்கு வாயை மூடியதற்காகப் பட்டது ஒரு பக்கம்.

அடுத்த மாதம் மதுரையில் டாக்டர் கேமராவை வெளியே எடுத்துவிட்டு, "ம், பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழக்கத்தில் "ஓ" என்றேன். பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுகிற மாதிரிச் சின்னதாக வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். அதே அளவுதான்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. இனிமே பேசலாம். ஆனா சத்தம் போட முடியாதும்மா. இம்புட்டுத்தான்" என்றார் டாக்டர். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கிண்டல் பேசியே நாளைக் கடத்தியவர், ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழுகாதீங்க. இனிமே உங்களை வையணும்னா பக்கத்துல வந்துதான் வையணும்" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஊர் திரும்புகிற பஸ்சில் உசிலம்பட்டி வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வயிற்றில் அந்தப் பழைய இறுக்கம் இல்லை. அழுகை வந்தது, போனது.

மறுநாள் மலையேறினேன். சாயங்காலம் பாறைத் திட்டில் ஏறி நின்றேன். மூடுபனி கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் என் நிலைமை தெரிந்து, ஹாரனில் கை வைத்துக் காத்திருந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். நின்று நிதானமாக மூச்சை இழுத்து, இருக்கிற குரலில் "ஓ..." என்றேன். முதல் நாலு தூரைத் தாண்டியிருக்காது.

பதில் இல்லை. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பழைய நானாக இருந்தால் இதற்குள் தொண்டையைக் கிழித்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

திட்டுக்குப் பக்கத்துச் செடிக்குள்ளிருந்து ஒருத்தி என் "ஓ"வை எடுத்து மேலே கொடுத்தாள். அதை அவளுக்கு மேலே இருந்தவள் வாங்கி இன்னும் மேலே கொடுத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களாகவே பேசி வைத்திருந்திருக்கிறார்கள். உச்சி வரைக்கும் அது ஏறிப் போவது கேட்டது. அப்புறம் பதில் குரல்கள் இறங்க ஆரம்பித்தன, பழைய வரிசையிலேயே, ஒவ்வொன்றாக. கடைசியில் பாறைமுகத்திலிருந்து ராசிங்காபுரத்துக்காரியின் குரல் வந்தது. அவள் ஓடையில் பத்திரமாக இருக்கிறாள்.

ஒருத்தி குறையாமல் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருந்தேன்.